பெரும்பாவியிடம் ஒரு சின்னக் கேள்வி

கர்வம் பிடித்தவர்களைச் சமாளிப்பது சுலபம், வாசகர்களே. அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே வருவார்கள். நாம் ஓரமாக ஒதுங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. ஆனால் தாழ்மைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவர் நமக்கு முன்பே அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முதல்ல போங்க, நானெல்லாம் யாரு?" என்று வழியை அடைத்து நிற்பார். அவர் யார் என்று நாம் எடுத்துச் சொல்லும் வரை நகர மாட்டார். சொன்ன பிறகும் நகர மாட்டார். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இவரை அடையாளம் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. சபையார் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளும்போது கடைசி வரிசையின் மூலையில், தூணுக்குப் பின்னால், யாராவது பதறிப்போய்த் தேடும் வரை மறைந்து நிற்பார். நூலகத்துக்கு ஒரு அலமாரி வாங்கிக் கொடுத்துவிட்டு, "என் பெயர் வெளியே வரக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொள்வார். தட்டில் பிஸ்கட் வந்தால் உடைந்த பிஸ்கட்டைத் தேடி எடுப்பார்; அது உடைந்தது என்று எல்லோருக்கும் தெரிகிற வரை வாயில் போட மாட்டார். பாராட்டினால் வானத்தைக் கைகாட்டுவார். குறை சொன்னால் அதே விரலை நம் பக்கம் திருப்புவார்.

நாம் பார்க்கப் போகிறவர் கண்ணாடிக் கடைக்காரர். காலையில் கடையைத் திறந்து, வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, மூக்குக்கு ஏற்ற ஃபிரேம் எடுத்துப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் திருப்பி நிறுத்தி, "ரொம்ப எடுப்பா இருக்கு" என்று சொல்வது அவர் தொழில். தொழிலில் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய உண்மையான திறமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வெளிப்படும்.

ஆராதனைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் உட்காருவார். இருபத்திரண்டு வருஷமாகக் கடைசி பெஞ்சின் இடது ஓரம் அவருடையது. தெரியாத்தனமாக வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், அந்த ஆள் எழுந்து போகும் வரை பக்கத்திலேயே பணிவாக நின்றுகொண்டிருப்பார். "கடைசி பெஞ்ச் அண்ணன்" என்று அவருக்குப் பெயரே வந்துவிட்டது. அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு வேதனை படரும். அந்த வேதனையைப் பார்ப்பதற்காகவே பலபேர் அப்படிக் கூப்பிட்டார்கள்.

பழைய போதகருக்கு இவருடைய முறை அத்துப்படி. ஆராதனை முடியும் நேரத்தில், "அண்ணே, நீங்க முன்னால வந்து ஜெபம் பண்ணுங்க" என்பார். அண்ணன் தலையை ஆட்டுவார். "வாங்கண்ணே" என்று இரண்டாவது அழைப்பு. அண்ணன் நெஞ்சில் கையை வைத்து, தன்னால் முடியவே முடியாது என்பதுபோலக் கண்ணை மூடுவார். மூன்றாவது அழைப்புக்குப் பெருமூச்சு விட்டு எழுந்து, சபை நெடுக ஒவ்வொரு பெஞ்சாகக் கடந்து, இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர் மாதிரி நடந்து போய், மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு, "பாவிகளில் பெரும்பாவியாகிய அடியேன்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் பதினோரு நிமிஷம். வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர்களுக்கு அந்தப் பதினோரு நிமிஷத்தில் விசுவாசம் நன்றாக வளரும்.

மன்னிப்பதிலும் அவருக்கு நிகர் அவரே. திடீரென்று ஒரு நாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நான் மன்னிச்சிட்டேன்" என்பார்.

"நான் என்ன பண்ணேன்?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ? நான் மறந்தே போயிட்டேன்."

அவர் நிம்மதியாகப் போய்விடுவார். நீங்கள்தான் என்ன செய்தோம், என்ன செய்தோம் என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் திண்டாடுவீர்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் பழைய போதகர் மாற்றலாகிப் போய், புதுப் போதகர் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர். சின்ன வயசு, அமைதியான பேச்சு. ஆனால் அவரிடம் ஒரு பெரிய கோளாறு இருந்தது. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

பாடகர் குழுவில் முன்னணியில் நிற்கும் அம்மா அவரை வரவேற்கும்போது, "எனக்கென்ன பெருசா பாட வரும், ஏதோ கத்திட்டு இருக்கேன்" என்றார். "அப்படியாம்மா? பாவம், இத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்கீங்க. இனிமே உக்காந்து கேளுங்க" என்று அன்போடு விடை கொடுத்துவிட்டார். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில், "இன்னைக்கு சமையல் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல" என்றார்கள். போதகர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, தினமுமா நல்லா அமையும்?" என்று ஆறுதல் சொன்னார். ஒரே மாதத்தில் சபையில் பாதிப்பேர் யோசித்து யோசித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் அண்ணனுக்கு மட்டும் விஷயம் உறைக்கவில்லை.

சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூப்பருக்கான தேர்வு வந்தது. ஆறு தடவை அவர்தான் மூப்பர். ஆறு தடவையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் ஆனார். ஏழாவது தடவைக்குப் புதுச் சட்டை கூடத் தைத்து வைத்திருந்தார், பார்த்தால் பழசு மாதிரி தெரிகிற துணியில். போதகர் அவரைப் பார்த்து, "அண்ணே, இந்தத் தடவையும் நீங்களே இருந்துடலாமே?" என்றார்.

"ஐயோ பாஸ்டர், இந்த எளியவனை விட்டுடுங்க. நல்ல ஆளா வேற யாரையாவது பாருங்க."

"அப்படியா? வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க விருப்பத்துக்கு மரியாதை குடுக்கணும் இல்லையா?" என்று சொல்லிவிட்டு, போதகர் சபையின் பக்கம் திரும்பினார். "வேற யாராவது?"

அண்ணனுடைய இரண்டாவது மறுப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதற்குள் முதல் பெஞ்சிலிருந்து அவர் மனைவியின் தம்பி எழுந்தார். ஒரு பிளம்பர். நேரம் கழித்து வந்ததால், எப்போதும் காலியாகக் கிடக்கும் முதல் பெஞ்சில்தான் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. "நான் செய்றேன் பாஸ்டர். ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை கம்மிதான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெருமூச்சு இல்லை, நெஞ்சில் கை இல்லை. குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் வருகிற மாதிரி மூப்பராகிவிட்டார், மைத்துனர்!

அடுத்த ஞாயிறு அண்ணன் கடைசி பெஞ்சிலும் உட்காரவில்லை. வெளி வராந்தாவில், குடைகள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன்னைக் காணாமல் யாராவது கலங்கிப்போய்த் தேடி வருவார்கள் என்று ஒரு கணக்கு. போதகர் வந்தார். பார்த்தார். "அண்ணனுக்குக் காத்தோட்டமா இருக்கணும் போல" என்று சொல்லி, தானே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குச் சாரல் அந்தப் பக்கமாகத்தான் அடித்தது.

சரி, சிரித்தது போதும். விஷயத்துக்கு வருவோம்.

அந்தச் சபையில் ஆர்கன் வாசிப்பவர் ஒரு ஓய்வு பெற்ற டீச்சர். கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருப்பவர். ஒன்றரை மாதமாக அவர் வாசிப்பு தடுமாற ஆரம்பித்திருந்தது. ஒரு வரியைப் படித்து வேறு வரியை வாசித்தார். ஒரு அடக்க ஆராதனையில் சோகமாக ஆரம்பித்த பாட்டு இரண்டாம் சரணத்தில் துள்ளிக் குதிக்கத் தொடங்கி, இறந்தவரின் மனைவியே காலால் தாளம் போட்டுவிட்டார். வயசாகிவிட்டது, பாவம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் டீச்சரும் அப்படியே நம்பிவிட்டார்.

வராந்தா நாற்காலியிலிருந்து பார்த்தால் ஆர்கனும் தெரியும், அறிவிப்பு வாசிக்கும் மேடையும் தெரியும். டீச்சர் பாட்டுப் புத்தகத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புது மூப்பரோ, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறிவிப்புத் தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டி, அதுவும் போதாமல் முதல் பெஞ்சில் இருந்தவரிடம் கொடுத்து, "கொஞ்சம் பின்னால போய்த் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லி அங்கிருந்து படித்துக்கொண்டிருந்தார். சபை சிரித்தது. அண்ணனும் தாழ்மையாகச் சிரித்தார்.

பாதிச் சிரிப்பில் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா? மூக்கு இடிக்கப் பார்க்கிற ஒருவர், கை நீட்டிப் பார்க்கிற ஒருவர், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பழுப்பு ஃபிரேம். இரண்டையும் ஒரே நாளில்தான் முடித்துக் கொடுத்தார். உறையில் போடும்போது, கடைக்கு வந்த ஒருவரிடம், தனக்குப் புகழ்ச்சி என்றாலே எப்படி ஆகாது என்பதைக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சருடையது மைத்துனருக்கும் மைத்துனருடையது டீச்சருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை, யாருக்கும் கை தவறும். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் டீச்சர் கடைக்கே வந்து, "தம்பி, இதுல சரியா தெரியல" என்று கேட்டிருந்தார். இவர் உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "என் கையால போட்டது டீச்சர். வயசாகுது இல்லையா, பழகினா சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவ்வளவு தாழ்மையான மனுஷர் சொல்கிறாரே என்று டீச்சர் போய்விட்டார்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் போதகர் வராந்தாவை எட்டிப் பார்த்து, "அண்ணே, ஜெபம் பண்றீங்களா?" என்றார். பட்ட பிறகு புத்தி வந்திருந்த அண்ணன் ஒரே அழைப்பில் ஓடினார். "பாவிகளில் பெரும்பாவியாகிய அடியேன்" என்று ஆரம்பித்து, ஒன்பதாவது நிமிஷத்தில், "ஆண்டவரே, ஆர்கன் வாசிக்கிற எங்க சகோதரியின் தவறுகளை நான் மனப்பூர்வமா மன்னிச்சிட்டேன், நீரும் மன்னியும்" என்று குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தார்.

டீச்சர் எழுந்து நின்றார். "என்னால இனிமே முடியல பாஸ்டர். அடுத்த ஞாயிறோட நிறுத்திக்கிறேன்."

போதகர் வழக்கம்போல நம்பினார். "சரி டீச்சர்."

அந்த வாரம் அண்ணன் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. யாருக்கும் தெரியாமல் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று, "சபையார் எல்லாருக்கும் இலவசமா கண்ணாடி துடைச்சுத் தரேன்" என்று சொல்லிப் பார்த்தார். சபையில் உள்ள அத்தனை கண்ணாடியும் வந்தது, அந்த இரண்டைத் தவிர. மைத்துனர், "அத்தான் போட்டது எப்பவும் பளபளன்னுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். டீச்சர், "இனிமே எதைப் பார்க்கப் போறேன் தம்பி?" என்று சொல்லிவிட்டார். அண்ணன் முப்பத்தேழு கண்ணாடிகளைத் துடைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போதகர் அண்ணனைத் தேடி அவர் வீட்டுக்கு வந்தார். டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கவலையோடு பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணே, நேரா கேட்டுடறேன். பாவிகளில் பெரும்பாவின்னு ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. மத்தவங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. எனக்கு மனசே கேக்கல. அப்படி என்ன பண்ணீங்க?"

அண்ணனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "அது... பொதுவா சொல்றது பாஸ்டர்."

"பொதுவாவா? எல்லாத்தையும் சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, சேர்ந்து ஜெபிக்கலாம்."

பெரும்பாவி யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். கூரையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவர்; கேட்ட நேரத்தில் கைவசம் ஒரு பாவம் இல்லை. கடைசியில், "எனக்கு ரொம்ப இளகின மனசு. அதுதான் என் பெரிய குறை" என்றார்.

போதகர் அதை நம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அண்ணனின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் சொல்லட்டுமா?"

"நீ உள்ள போ."

"காலையில தாமதமா கடையைத் திறந்துட்டு, பஸ் வரலைன்னு சொன்னாரு. கடைக்கு நடந்துதான் போறாரு."

"அதெல்லாம் ஒரு பாவமா?" அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என் தம்பி மூப்பரானதுலேருந்து அவனோட ஒரு வார்த்தை பேசல. கேட்டா, அவனை மன்னிச்சிட்டேங்கறாரு."

"பாஸ்டர், இவ சொல்றதைக் கேக்காதீங்க! என்னைப் பத்தி இந்த ஊர்ல யாரை வேணா கேளுங்க. நான் ஒருத்தருக்கு ஒரு துரோகம் பண்ணியிருப்பேனா? பொய் சொல்லியிருப்பேனா? நான் என்ன, வேணும்னேவா கண்ணாடியை மாத்திக் குடுத்தேன்?"

டீயில் ஆடை படிவதைக்கூடப் பார்க்க முடிந்தது.

"எந்தக் கண்ணாடி அண்ணே?" என்றார் போதகர்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். ஃபிரேமின் நிறத்தை நினைத்துப் பார்த்தார். "ஐயோ, டீச்சர்!" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணன் மைத்துனரிடம் இருந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். கதவு திறந்ததும், "டீச்சர், தூசிக்கும் சாம்பலுக்கும் சமமான இந்த எளியவன்" என்று ஆரம்பித்தார்.

"சுத்தி வளைக்காம சொல்லு தம்பி, அடுப்புல பால் இருக்கு."

"கண்ணாடியை மாத்திக் குடுத்துட்டேன். நீங்க வந்து கேட்டப்போ பார்க்காமலே வயசாகுதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்களை மன்னிச்சேன்."

அவ்வளவுதான். நாலு வாக்கியம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சின்னதாக எதையும் பேசியதில்லை.

டீச்சர் அவர் கொண்டுவந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அடியில் பொடியெழுத்தில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு அழுதார். "எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சுன்னு நினைச்சேன்டா" என்றார். "ஒன்றரை மாசமா யார்கிட்டயும் சொல்லாம பயந்து செத்துக்கிட்டு இருந்தேன். நீ ஒரு பழுப்பு ஃபிரேமைக் கையில வெச்சுக்கிட்டு..." அதற்குமேல் அவருக்குக் கோபம் தாங்கவில்லை. அண்ணன் தலை குனிந்து நின்றார். இந்தத் தடவை யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தில் பார்க்கவில்லை.

பால் பொங்கும் சத்தம் கேட்டது. டீச்சர் உள்ளே போய் அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "சரி, விடு. மன்னிச்சிட்டேன்" என்றார்.

அண்ணன் காத்திருந்தார். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இன்னும் ஏதாவது இருக்கும் என்று அவருக்கு எண்ணம். ஒரு கண்டனம், ஒரு நிபந்தனை, ஒரு நீண்ட ஜெபமாவது.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"வேற என்ன வேணும் உனக்கு? உள்ள வா, பால் ஆறிடும்."

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே அண்ணன் முன்னால் போனார். மைக்கின் உயரத்தைத் தொடாமல், குனிந்து, "டீச்சர் கையில ஒரு தப்பும் இல்ல, கண்ணாடியை நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். "அதான் பார்த்தேன்!" என்று மைத்துனர் உரக்கச் சொன்னார். சபையே சிரித்தது. டீச்சர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்காமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஒன்றரை மாத பாக்கியைத் தீர்க்கிற மாதிரி நாலு சரணத்துக்கு ஆறு சரணம் வாசித்தார். எல்லோரும் தெரிந்த சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடி ஒப்பேற்றினார்கள்.

வெளியே டீ குடிக்கும்போது அண்ணனைச் சுற்றி நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கு முகம் மலர்ந்தது. "எல்லார் முன்னாலயும் இப்படி ஒத்துக்க யாருக்கு மனசு வரும்? நான் சொல்லல, எல்லாரும் சொல்றாங்க..."

டீ கிளாஸோடு பக்கத்தில் நின்ற மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, யாரும் சொல்லல" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் வாசகர்களே. இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் மனதில் வந்திருக்கும். "அப்படியே அந்த ஆள்தான்! இதை அவருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும்" என்று தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மேஜையைக் கொஞ்சம் பாருங்கள். உங்களுக்கு இதைப் படிக்கக் கொடுத்தது யார்?